புதுத் தோணியில் ஒரு கீறல்

லொறியிலிருந்து புதுத் தோணி இறங்கும் நாளில் தெருவே கூடிவிடும். வெள்ளையும் நீலமுமாகக் கண்ணாடி போல மினுங்கும் பைபர் தோணி. பிள்ளைகள் உள்ளே ஏறிக் குந்திக் கொள்வார்கள். மாமியார் பிஸ்மி சொல்லித் தடவிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஒரு கோப்பை தேநீராவது கொடுக்காமல் மனசு ஆறாது.

புத்தளம் களப்போரத்து வீடொன்றில் இப்படித்தான் ஒரு தோணி வந்து இறங்கியது. துடுப்பு வலித்தும் பாய் கட்டியும் ஓட்டுகிற சின்னத் தோணி. எல்லோரும் போன பிறகு அந்த வீட்டுச் சகோதரி விளக்குமாற்றால் அதன் உள்ளே கிடந்த தூசியைக் கூட்டப் போனார். பாய்மரம் நாட்டும் குழியைச் சுற்றிச் சிலந்தி வலை போல நாலைந்து மெல்லிய கீறல்கள் அவர் கண்ணில் பட்டன.

"இஞ்ச பாருங்க, இதில கீறியிருக்கு" என்றார் கணவரிடம்.

"புதுச் சாமான் வந்த நாளில குறை சொல்லாத. அது சும்மா பெயின்ட் வெடிச்சது. நாளைக்குச் சுபஹுக்குப் பிறகு தண்ணில இறக்கப் போறம்" என்றார் அவர்.

சகோதரிகளே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஆண்களின் தொழில் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக் கொண்டிருப்பீர்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தோணியில் இருப்பது கணவரின் உழைப்பு மட்டுமல்ல. விற்ற காப்பும், மாதா மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த சீட்டுக் காசும் அதில்தான் இருக்கின்றன. சோளகக் காற்று எழும்பும் நாளில் அவர் கரை சேரும் வரை வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருப்பதும் நாம்தான். ஆகவே, புதுத் தோணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் சொல்ல வைப்பதும் நமது வேலையும்தான்.

குறை எங்கிருந்து வருகிறது?

பைபர் தோணி மரத்தோணி போலப் பலகை சேர்த்துக் கட்டப்படுவதில்லை. அச்சு ஒன்றில் வார்க்கப்படுகிறது. வட்டிலப்பத்துக்குச் சட்டி போல அதற்கு ஓர் அச்சு. முதலில் அச்சின் உட்புறத்தில் மெழுகு பூசுவார்கள். அதன் மேல் ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சு. நாம் வெளியே காணும் மினுமினுப்பு இதுதான். இதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதற்குப் பிறகு கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். இப்படி அடுக்கடுக்காக வைத்து இறுகிய பின் அச்சிலிருந்து கழற்றி எடுத்தால் தோணி.

இதில் பெரும்பகுதி கைவேலை. உருளை சரியாகப் படாத இடத்தில் காற்றுக் குமிழி தங்கும். ஜெல்கோட் தடித்துப் போன மூலையில் கீறல் விழும். பிசின் போதாத இடத்தில் இழை காய்ந்து வெள்ளையாகத் தெரியும். பிசினோடு சேர்க்கும் கட்டலிஸ்ட் குறைந்தால் சரியாக இறுகாது. எனவே புதுத் தோணியில் சிறு குறை இருப்பது அதிசயமுமல்ல, சகுனமுமல்ல. அதைச் செய்தவர் மோசக்காரர் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. நாம் ரொட்டி சுட்டாலும் ஒன்றிரண்டு கருகத்தானே செய்கின்றன!

ஆனால் அவசரம் கூடினால் குறையும் கூடும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி நமது கரையோரத் தோணிகளையும் வள்ளங்களையும் அள்ளிக் கொண்டு போனதை மறக்க முடியாது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் பைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றிலே தரம் குறைந்தவையும் இருந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு அப்போதே எடுத்துச் சொன்னது. இலவசமாக வந்ததைக் குறை சொல்வதா என்று வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர்! கடலுக்கு இலவசமும் தெரியாது, விலையும் தெரியாது.

வாசலிலேயே பார்க்கக் கூடியவை

தோணியை எடுக்கும் முன்பு செய்த இடத்திலேயே பார்ப்பதுதான் நல்லது. அது முடியாமல் போனால் தண்ணீரில் இறக்கும் முன்பு வீட்டு வாசலில் பாருங்கள். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. நல்ல வெளிச்சம், ஒரு டோர்ச், ஒரு நாணயம், ஒரு துணி, பொறுமை இவை போதும்.

முதலில் வெளிப்புறம். காலை வெயில் சரிவாக விழும் நேரத்தில், கண்ணைத் தோணியின் விளிம்போடு ஒட்டி வைத்து நீளவாட்டில் பாருங்கள். மேடு பள்ளம், ஊசிமுனைத் துளை, கீறல் எல்லாம் நிழலாகத் தெரியும். மழை மூட்டமாக இருந்தால் டோர்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

அடுத்து நாணயத்தால் மெல்லத் தட்டிக் கொண்டே போங்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு இது புதிதல்ல. எங்கும் "டிக் டிக்" என்று ஒரே சத்தம் வரவேண்டும். ஓரிடத்தில் மட்டும் "டொக்" என்று வெறுமையாகக் கேட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, உள்ளே காற்று இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். உள்ளே நுரை அடைத்த பகுதியிலும் சத்தம் மாறும் என்பதால், எங்கெங்கே அடைத்திருக்கிறது என்று செய்தவரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

பிறகு உட்புறம். கையில் துணியைச் சுற்றிக் கொண்டு தடவுங்கள். வெறும் கை வேண்டாம். இழை முனைகள் ஊசி போலக் குத்தி நிற்கும். பிள்ளைகளின் காலுக்கு அவைதான் முதல் ஆபத்து. வெள்ளையாகக் காய்ந்த இழைகள் தெரிகின்றனவா, நகத்தால் அழுத்தினால் பசை போல ஒட்டுகிறதா என்றும் கவனியுங்கள். புதுத் தோணியில் பிசின் வாசனை கொஞ்ச நாள் இருக்கும், பயமில்லை. நாட்கள் கழிந்தும் பிசுபிசுப்பு மாறவில்லையென்றால் கேட்க வேண்டும்.

கடைசியாகச் சேர்மானங்கள். தண்ணீர் வடிக்கும் துளையின் மூடி இறுகப் பொருந்துகிறதா? விளிம்புப் பட்டிக்கும் தோணிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? கயிறு கட்டும் கொக்கிகளும் சுக்கான் பூட்டும் இரும்பும் ஆடுகின்றனவா? அவற்றை வெறும் ஸ்குரூவால் முடுக்கியிருக்கிறார்களா, உள்ளே தட்டு வைத்து நட் போட்டிருக்கிறார்களா? பாய்மரம் நிற்கும் குழி ஆடாமல் உறுதியாக இருக்கிறதா?

கற்பிட்டிப் பக்கம் உல்லாசப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புத் தோணிகள் வாங்குகிற பிள்ளைகளும் உண்டு. பைபர் கயாக்குக்கும், பாய் கட்டிய கயாக்குக்கும் இதே பரிசோதனைதான். அதிலுள்ள மூடிய அறைகளின் மூடிகளுக்குள் தண்ணீர் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எது சின்னது, எது பெரியது?

எல்லாக் குறையும் ஒன்றல்ல. நிறம் கொஞ்சம் மாறியிருப்பது, மினுக்கம் குறைந்திருப்பது, இழையின் வரிச்சுவடு மேலே தெரிவது, அச்சு மெழுகின் கறை இவையெல்லாம் அழகுக் குறைகள். இவற்றுக்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

ஊசிமுனைத் துளைகள் நடுத்தரமானவை. ஒன்றிரண்டு இருந்தால் அடைத்து விடலாம். அடைக்காமல் விட்டு, தோணி நாட்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால், அவற்றின் வழியே ஈரம் உள்ளே இறங்கிக் கொப்புளம் கட்டக் கூடும்.

பாரம் விழும் இடத்தில் வரும் கீறல்தான் பெரியது. பாய்மரக் குழி, சுக்கான் பூட்டு, இருக்கைப் பலகை பொருந்தும் இடம், அடிமட்டத்து முதுகெலும்பு, இயந்திரம் மாட்டுவதானால் பின்பலகை ஆகிய இவ்விடங்களில் நட்சத்திரம் போலக் கீறல் இருந்து, தட்டும்போது சத்தமும் மாறினால், அது மேற்பூச்சோடு நிற்கும் குறையென்று எடுத்துக் கொள்ளக் கூடாது. காற்று பாயில் நிறையும்போது அந்தப் பலம் முழுவதும் பாய்மரத்தின் அடியில்தான் வந்து நெரிக்கும்.

இன்னொன்று, தோணி நிரம்பத் தண்ணீர் ஏறினாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும். அதற்காகத்தான் உள்ளே நுரை அடைப்பார்கள், அல்லது காற்றுப் புகாத மூடிய அறை வைப்பார்கள். செய்தவரிடம் அவர் இடத்திலேயே, இடுப்பளவுத் தண்ணீரில், தோணிக்குள் தண்ணீரை நிறைத்து மிதக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கவிழ்ந்த தோணியைப் பிடித்துக் கொண்டு உயிர் தப்பியவர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

சொல்ல வேண்டிய நேரம்

குறையைக் கண்டதும் பலர் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, "இருக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று தொழிலுக்கு இறக்கி விடுவது. மற்றது, நாமே எதையாவது பூசி மறைத்து விடுவது. இரண்டாலும் நமது உரிமையை நாமே கெடுத்துக் கொள்கிறோம்.

நமது மார்க்கம் இந்த விஷயத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். வாங்கிய பொருளில், கைக்கு வரும் முன்பே இருந்த குறை பிறகு தெரிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துக் காசைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பொருளின் மதிப்பைக் குறைக்கும் அல்லது அதன் பயனைக் கெடுக்கும் குறையாக அது இருக்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இன்னும் ஒரு விஷயம் உண்டு. குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். தெரிந்த பிறகும் பாவித்துக் கொண்டே இருந்தால், அந்தக் குறையோடு பொருந்திக் கொண்டதாகவே கருதப்படும். நமது கையில் வந்த பின் புதிதாக வேறொரு சேதம் ஏற்பட்டாலும், பழையபடி திருப்பிக் கொடுக்கும் உரிமையில் சிக்கல் வந்துவிடும். இரு தரப்பும் மனமொத்து "திருத்தித் தருகிறேன்", "சரி" என்று முடித்துக் கொள்வது நல்ல வழி. விபரம் தேவைப்பட்டால் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. பொருளைப் பற்றி முறைப்பாடு செய்வதானால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் முதல் படி முறைப்பாடு அல்ல. முதல் படி செய்தவரிடம் போய்ப் பக்குவமாகச் சொல்வது.

போகும் முன் ஒரு கடதாசியில் எழுதுங்கள். தோணி எடுத்த திகதி, கொடுத்த காசு, பேசிக் கொண்ட அளவு, கண்ட குறை, கண்ட நாள், "இன்னும் தண்ணீரில் இறக்கவில்லை" என்ற ஒரு வரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவருடைய கையொப்பத்தை வாங்கி வையுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டமோ நாணயமோ வைத்துப் படம் எடுத்தால் கீறலின் அளவும் விளங்கும். எழுத்து வேலையில் ஆண்கள் பொறுமையிழப்பார்கள். பிள்ளைகளின் பாடசாலைக் கடிதமெல்லாம் எழுதுகிற கைக்கு இது பெரிய வேலையல்ல.

பேசும்போது "ஏமாத்திட்டீங்க" என்று தொடங்க வேண்டாம். "இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க, சத்தம் மாறுது" என்று தொடங்கினால் அவரும் குனிந்து பார்ப்பார். சத்தம் போட்டால் அவரும் சத்தம் போடுவார். கீறல் அங்கேயேதான் இருக்கும்.

வீட்டில் திருத்துவதானால்

ஊசிமுனைத் துளை, சிறு உரசல் போன்றவற்றை "நீங்களே அடைத்துக் கொள்ளுங்கள்" என்று செய்தவர் சொல்லி, அதே நிற ஜெல்கோட்டையும் தந்தால் வீட்டிலேயே செய்யலாம். வழி இதுதான்: துளையைக் கத்தி முனையால் சிறிது அகலப்படுத்தி, தூசி துடைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் சுத்தம் செய்து காயவிடுங்கள். கட்டலிஸ்டைச் செய்தவர் சொன்ன அளவில் மட்டும் சேருங்கள். பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். துளையை மட்டத்துக்குச் சற்று மேலாக நிரப்பி, அதன் மேல் பொலித்தீன் துண்டொன்றை ஒட்டி மூடுங்கள். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்புறம் இறுகாமல் பிசுபிசுக்கும். நன்றாக இறுகியதும் பொலித்தீனை உரித்து, தண்ணீர் சாண்ட் பேப்பரால் 400, 600, 1000 என்று படிப்படியாகத் தேய்த்து மினுக்குங்கள். வெயில் நேரே விழும் நேரத்திலும் மழையிலும் இதைச் செய்ய வேண்டாம்.

தளர்ந்த ஸ்குரூ இருந்தால், கழற்றித் துளைக்குள் படகுக்கான அடைப்புப் பசை வைத்து மீண்டும் முடுக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று சிலிக்கன் பசையைப் பூசாதீர்கள். அது பட்ட இடத்தில் பின்னால் ஜெல்கோட்டோ பெயின்டோ ஒட்டாது.

வீட்டுப் பெண்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில:

கட்டலிஸ்ட் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆனால் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைக் கெடுக்கும். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கட்டலிஸ்டையும், பிசினை விரைவாக இறுகச் செய்யும் கோபால்ட் மருந்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

குசினிப் பாத்திரத்திலோ கரண்டியிலோ எதையும் கலக்க வேண்டாம். அடுப்பும் சிகரட்டும் அசிட்டோன் பக்கம் வரக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வாசனைக்குத் தூரமாக இருக்கட்டும். தேய்த்த தூசி பட்ட உடுப்பை வீட்டு உடுப்புகளோடு சேர்த்துத் துவைத்தால் எல்லோருடைய உடம்பும் அரிக்கும். தனியாக உதறித் துவையுங்கள்.

பாரம் விழும் இடத்துக் கீறலை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதைச் செய்தவரே திறந்து பார்த்துத் திருத்த வேண்டும்.

நாம் விற்கும் நாளில்

ஒரு நாள் இதே தோணியை நாமும் விற்போம். அப்போது வாங்க வருபவரிடம் "இந்த இடம் ஒரு முறை திருத்தியது" என்று சொல்ல நமக்கு மனம் வருமா? தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்ல என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையையும் சொல்லிக் கொண்டால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிந்து போகும் என்பதும் அவர்கள் போதனைதான். குறையைக் கேட்பது நமது உரிமையென்றால், குறையைச் சொல்வது நமது கடமை. ஒன்றை எடுத்து மற்றதை விடக் கூடாது.

அந்தப் புத்தளத்துச் சகோதரி என்ன செய்தார் என்று சொல்லவில்லையே! இரவு இஷா தொழுது முடித்து, கணவர் சாப்பிட்டு ஆறிய பிறகு, ஒரு நாணயத்தை எடுத்துக் கொண்டு போய்ப் பாய்மரக் குழியின் பக்கத்தில் தட்டிக் காட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளித் தட்டிக் காட்டினார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கணவர் தானும் நாணயத்தை வாங்கித் தட்டிப் பார்த்தார். மறு நாள் தோணி தண்ணீருக்குப் போகவில்லை, லொறியில் ஏறியது.

செய்தவர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு அந்த இடத்தை வெட்டித் திறந்து பார்த்தபோது, உள்ளே இழைப்பாய் பிசின் படாமல் காய்ந்து கிடந்தது. அவரே வெட்கப்பட்டு, காசு வாங்காமல் புதிதாக அடுக்கு வைத்துக் கொடுத்தார். ஒரு கிழமைத் தொழில் போனது. அந்த ஒரு கிழமை வீட்டில் கஷ்டம்தான்.

சோளகம் பிடித்த நாட்களில் அந்தத் தோணி பாய் விரித்துப் போய் வந்தது. வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்த அவருக்கு, காற்றைப் பற்றிய கவலை இருந்தது. தோணியைப் பற்றிய கவலை இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.